யார் கையிலும் இல்லாத 61 நாள்

வாசகர் கடிதம்:

டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம் பக்கம் ஒரு கடற்கரை ஊர் எங்களுடையது. நான் விசைப்படகில் கூலிக்குப் போகிறேன். என் அக்காவுக்கு 46 வயது. மச்சான் இறந்த பிறகு எங்கள் வீட்டோடு வந்துவிட்டது. கடலில் இறங்கிக் கடல்பாசி எடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறது. ஜூன் 20 வாக்கில் குளிக்கும்போது இடது மாரில் ஒரு கட்டி தட்டுப்பட்டிருக்கிறது. வலி இல்லாததால் யாரிடமும் சொல்லவில்லை. ஜூலை 18 பக்கத்துக் கிளினிக்கில் காட்டினோம். கொழுப்புக் கட்டி என்று பத்துப் பத்து நாளாக இரண்டு தடவை மாத்திரை கொடுத்தார்கள். கரையவில்லை. ஆகஸ்ட் 8 டவுனில் ஸ்கேன் எடுத்து, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள். கையில் காசில்லை, ஊரில் திருவிழா வேறு. செப்டம்பர் 3-தான் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். 9-ஆம் தேதி ஊசியால் சதை எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் போன் வரும் என்றார்கள். வரவில்லை. அக்டோபர் 13 நேரில் போய்க் கேட்டால், செப்டம்பர் 22-லேயே வந்துவிட்டது என்று எடுத்துக் கொடுத்தார்கள். கேன்சர். மதுரைக்கு எழுதிக் கொடுத்தார்கள். காப்பீட்டு அட்டையில் அக்கா பெயர் எங்கள் வீட்டில் இல்லை, மாமியார் வீட்டில் இருந்தது. அதற்கு அலைந்து அக்டோபர் 27 மதுரை போனோம். ஒவ்வொரு டெஸ்ட்டாக எடுத்து, வேறெங்கும் பரவவில்லை என்றார்கள். நவம்பர் 17 எல்லா டாக்டர்களும் கூடிப் பேசி, ஆபரேஷன் இப்போது வேண்டாம், முதலில் கீமோ, 24-ஆம் தேதி வாருங்கள் என்கிறார்கள். ஆபரேஷனையும் தள்ளிப்போடுகிறார்களே என்று வீட்டில் ஒரே அழுகை. அப்பா விட்டுப்போன வல்லத்தை (நாட்டுப்படகு) விற்றுத் தனியாரில் உடனே ஆபரேஷன் செய்துவிடலாமா? இவ்வளவு நாள் போனதற்கு நாங்கள்தான் காரணமா? எங்கள் ஊரில் இன்னொரு பொம்பளைக்கு இப்படி ஆகாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய முடியும்?

பதில்:

தம்பி,

வல்லத்தை விற்க வேண்டாம். 24-ஆம் தேதி அக்காவை மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். இந்த இரண்டு வரியோடு நிறுத்திவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் காரணம் சொல்லாமல் சொன்னால் அழுகிற வீட்டில் எடுபடாது.

கீமோ முதலில் என்றால், சிகிச்சை 24-ஆம் தேதியே தொடங்குகிறது என்று அர்த்தம். கட்டி பெரிதாக இருந்தாலோ, அக்குளில் நெறி கட்டியிருந்தாலோ, சில வகைக் கட்டிகளுக்கோ மருந்தை முதலில் ஏற்றிச் சுருக்கிவிட்டு அப்புறம் அறுப்பது இன்று எல்லா ஊரிலும் உள்ள நடைமுறை. சுருங்கிய கட்டியை ஓரம் விட்டுச் சுத்தமாக எடுக்கலாம். மார்பு முழுவதையும் எடுக்காமல் தப்பிக்கச் சிலருக்கு வாய்ப்பும் கிடைக்கும். மருந்து இந்தக் கட்டியில் வேலை செய்கிறதா என்று கையால் தொட்டே பார்த்துவிடலாம் என்பது என்னைப் போன்ற அறுவை சிகிச்சைக்காரிக்கு இன்னொரு சௌகரியம். கட்டியை முதலிலேயே எடுத்துப் போட்டுவிட்டால் அந்த அளவுகோல் கையை விட்டுப் போய்விடும்.

'உடனே ஆபரேஷன்' என்பது காசு கொடுத்தால் எங்கேயும் கிடைக்கும். சாயங்காலம் படுக்க வைத்து, கட்டியை மட்டும் நோண்டி எடுத்து, மறுநாள் மத்தியானம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அப்படி வந்த பெண்களை நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். கையில் ஒரு பில், மாரில் ஒரு தழும்பு. எடுத்த சதை எங்கே அம்மா என்று கேட்டால், "டாக்டர் காட்டினாங்க, நெல்லிக்காய் மாதிரி இருந்துச்சு" என்பார்கள். பரிசோதனைக்குப் போயிருக்காது. ஓரம் சுத்தமா, எந்த வகைக் கட்டி, எந்த மருந்து கேட்கும், ஒன்றும் தெரியாது. மறுபடி அதே இடத்தைத் திறந்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். தனியார் எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. நல்ல புற்றுநோய் மையமாக இருந்தால் அவர்களும் பெரும்பாலும் 'முதலில் கீமோ' என்றுதான் சொல்வார்கள். அதைச் சொல்வதற்கு முன் ஸ்லைடைத் திரும்பப் பார்ப்பார்கள், ஒன்றிரண்டு ஸ்கேனைத் திரும்ப எடுப்பார்கள். 24 கையை விட்டுப் போகும், டிசம்பரும் பாதி போகும். மனது கேட்கவில்லை என்றால் இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் முதல் கீமோவை விட்டுவிட்டுப் போய்க் கேட்காதீர்கள்.

ஊசி போட்டுச் சதை எடுத்ததால்தான் கேன்சர் பரவியது என்று பெரியம்மா சொல்வதாகக் கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருந்தீர்கள். அவர் வயதுக்கு மரியாதை கொடுத்தே சொல்கிறேன், அது தப்பு. அந்தச் சதையை எடுக்காமல் இந்த நோய்க்கு எந்த மருந்தும் தொடங்க முடியாது.

சரி, நாள் கணக்குக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் பழக்க தோஷத்தில் ஒரு தாளில் தேதிகளைப் போட்டுக் கூட்டினேன். ஜூன் 20 முதல் நவம்பர் 24 வரை 157 நாள். அக்கா யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது 28. கிளினிக் மாத்திரையில் போனது 21. அரசு ஆஸ்பத்திரியில் காட்டிச் சதை எடுக்க 6, ரிப்போர்ட் தயாராக 13. மதுரையில் பரிசோதனைகளுக்கு 21, அங்கே முடிவெடுத்து முதல் மருந்துக்கு 7. இவ்வளவையும் கழித்தால் மிச்சம் 61. ஸ்கேனுக்கும் அரசு ஆஸ்பத்திரிக்கும் நடுவில் 26, தயாரான ரிப்போர்ட் கிடந்த 21, அட்டைக்காக அலைந்த 14. இந்த 61 நாளும் அக்கா எந்த டாக்டரின் கணக்கிலும் இல்லை. ஒருவர் அனுப்பியாயிற்று என்று நினைத்துக்கொண்டிருந்தார், இன்னொருவருக்கு இப்படி ஒருத்தி வருகிறாள் என்றே தெரியாது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலம் மொத்தமும் 61 நாள்தான். படகு கரையில் கிடக்கிற காலம் எவ்வளவு நீளம் என்று உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனம் மார்பகப் புற்றுநோய்க்கு 2023-ல் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. முதன்முதலில் மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாளுக்குள் நோய் இன்னதென்று முடிவாகிவிட வேண்டும், மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிவிட வேண்டும் என்று அதில் இருக்கிறது. உங்கள் அக்கா கிளினிக் படியேறியது ஜூலை 18. ரிப்போர்ட் தயாரானது 66-ஆவது நாள். ஏறக்குறைய கோட்டைத் தொட்டுவிட்டோம். அது உங்கள் கைக்கு வந்தது 87-ஆவது நாள். மாத்திரையில் போன நாட்களைக்கூட ஈடுகட்டியிருக்கலாம், ஒரு போன் வந்திருந்தால். அக்டோபர் மாதம் ஊரெல்லாம் இளஞ்சிவப்பு ரிப்பன் குத்திக்கொண்டு மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு ஊர்வலம் போனார்களே, அந்த நேரத்தில் அக்காவின் ரிப்போர்ட் ஏதோ ஒரு மேசையில் இருந்திருக்கிறது. விழிப்புணர்வு வர வேண்டியது பொம்பளைகளுக்கு மட்டும்தான் என்று யார் முடிவு செய்தார்களோ தெரியவில்லை.

அந்த மேசையைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நானும் அந்த மேசையில் உட்கார்ந்தவள். பல வருஷத்துக்கு முன், கடலோர ஊர் ஒன்றில் வேலை பார்த்தபோது, நாக்கு ஓரத்தில் ஆறாத புண்ணோடு ஒருவர் வந்தார். வல்லத்துக்காரர், புகையிலை அடக்குகிற பழக்கம். ஓரத்தில் சதை கிள்ளி அனுப்பினேன். ரிப்போர்ட் பொங்கலுக்கு முந்தின நாள் வந்திருக்கிறது. யாரோ என் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் லீவு, அப்புறம் ஒரு பயிற்சி வகுப்பு. 11 நாள் கழித்து இழுப்பறையைத் திறந்தேன். அவரைக் கூப்பிட நம்பர் இல்லை. ஓ.பி. சீட்டில் ஊர்ப்பெயர் மட்டும் இருந்தது. சுகாதார ஆய்வாளர் சைக்கிளில் போய்த் தேடிப் பிடித்துக் கூட்டி வந்தபோது இன்னும் இரண்டு வாரம் ஓடிவிட்டது. அவர் கோபப்படவேயில்லை. "நீங்க சொல்லுவீங்கன்னுதாம்மா இருந்தேன்" என்றார். அந்த ஒரு வரி இன்றும் எனக்குத் தூக்கத்தில் வரும்.

அதற்கப்புறம் ஒரு நீள நோட்டு வாங்கிக் கோடு போட்டேன். பெயர், போன் நம்பர், அந்த நம்பர் எடுக்காவிட்டால் கூப்பிட இன்னொரு நம்பர் (பெட்டிக்கடை, டீக்கடை எதுவானாலும்), சதை எடுத்த தேதி, ரிப்போர்ட் வர வேண்டிய தேதி, வந்த தேதி, யார் கூப்பிட்டுச் சொன்னது, அடுத்து எங்கே, என்றைக்கு. திங்கட்கிழமை காலை ஓ.பி. தொடங்குமுன் வார்டு சிஸ்டர் நோட்டைத் திறப்பார். காலியாக இருக்கிற கட்டத்துக்கெல்லாம் போன் போடுவார். அவ்வளவுதான் விஷயம். மிஷின் இல்லை, கட்டடம் இல்லை, 40 ரூபாய் நோட்டு. ஆனால் அந்தச் சிஸ்டர் மாற்றலாகிப் போன மாதமே நோட்டு அலமாரிக்குப் போய்விட்டது. அது யாருடைய வேலை என்று எந்த உத்தரவிலும் எழுதியில்லை, அதுதான் கோளாறு.

அரசு மருத்துவத்தில் புற்றுநோய்த் தாமதம் என்று பேச்சு வந்தாலே மிஷினைத்தான் பேசுகிறோம். மிஷின் வேண்டாம் என்று சொல்லவில்லை. 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்தது, நல்லது. மாவட்ட மருத்துவமனைகளில் பகலிலேயே கீமோ ஏற்றி அனுப்பும் மையங்கள், மூன்றாண்டுக்குள் எல்லா மாவட்டத்திலும் என்று 2025-26 மத்திய பட்ஜெட்டில் சொன்னார்கள், அதுவும் நல்லது. ஆனால் உங்கள் 61 நாளில் ஒரு நாளைக்கூட மிஷின் தின்னவில்லை. அவ்வளவும் இடைவெளி. ராமநாதபுரத்திலிருந்து மதுரைக்கு ஒருவரை எழுதி அனுப்பினால், அனுப்புகிற டாக்டரே அங்கே போன் போட்டு, இன்ன தேதி, இன்ன ஓ.பி., இன்னார் என்று பதிந்துவிட்டுச் சீட்டைக் கையில் கொடுக்க வேண்டும். போய்ச் சேரவில்லை என்றால் மூன்றாம் நாள் யாராவது கேட்க வேண்டும். காசநோய்க்கு நம் மாநிலத்தில் இதைச் செய்கிறோம். மாத்திரை எடுக்க வராதவரை வீடு தேடிப் போய்க் கதவைத் தட்டுகிறோம். கேன்சருக்குக் கதவைத் தட்ட ஆள் வைக்கவில்லை. ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் இதற்கென்றே ஒரு நர்ஸ், கையில் ஒரு போன், ஒரு நோட்டு. என்னைக் கேட்டால் அடுத்த ஸ்கேன் மிஷினுக்கு முன்னால் நான் கேட்பது இந்த ஆளைத்தான்.

மதுரையில் போன 21 நாளை வீண் என்று நினைக்காதீர்கள். உங்களுக்கு அலைச்சலாகத்தான் இருந்திருக்கும். ஆனால் ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 என்று மூன்று சோதனை அந்தச் சதையிலேயே செய்ய வேண்டும், அதற்கே வாரம் பிடிக்கும். கீமோ மருந்து எது, பிறகு ஹார்மோன் மாத்திரை உண்டா என்பதெல்லாம் அதை வைத்துத்தான். நெஞ்சு, வயிறு, எலும்பு ஸ்கேன் பார்த்துத்தான் 'பரவவில்லை' என்று உங்களுக்குச் சொல்ல முடிந்தது. எல்லா டாக்டரும் கூடுகிற கூட்டம் பல இடங்களில் வாரம் ஒரு நாள்தான் நடக்கும். ஒரு ரிப்போர்ட் ஒரு நாள் பிந்தினால் நோயாளி ஒரு வாரம் பிந்துவார். அதனால்தான் சொல்கிறேன், எந்த டெஸ்ட் எடுத்தாலும், 'இது என்றைக்குக் கிடைக்கும், யாரிடம் கேட்க வேண்டும், என்றைக்கு வர வேண்டும்' என்று கேட்டு எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். போன் வரும் என்று சொன்னால் சரி என்று தலையாட்டுங்கள். ஆனால் அந்தத் தேதியில் நீங்களே போய் நில்லுங்கள்.

அப்புறம், உங்கள் இரண்டாவது கேள்வி. நீங்கள்தான் காரணமா? 28 நாள் அக்கா மறைத்தது உண்மை. வலி இல்லாத கட்டிக்கு யாரும் பயப்படுவதில்லை. இந்த நோயின் சூதே அதுதான், ஆரம்பத்தில் வலிக்காது. அக்கா மேல் இரண்டு பிள்ளைகள், கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் காசு கிடையாது. அந்த 28 நாளைச் சொல்லிக்காட்டி ஒரு வார்த்தை வீட்டில் யாரும் பேசக் கூடாது, இது டாக்டர் உத்தரவு என்று சொல்லுங்கள். கிளினிக்கில் மாத்திரை கொடுத்தவரிடம் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு. நாற்பது தாண்டிய பெண் மாரில் கட்டி என்று வந்தால் முதல் சீட்டிலேயே ஸ்கேனும் ஊசிப் பரிசோதனையும் எழுத வேண்டும். மாத்திரை கொடுத்துப் பார்க்கிற விஷயம் இல்லை இது.

காலம் கடந்துவிட்டதா என்பதற்கும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தாமதம் ஒன்றும் செய்யாது என்றால் அது பொய். 2020-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, புற்றுநோய் சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு ஆபத்து 6 முதல் 13 சதவீதம் ஏறுவதாகச் சொல்கிறது. நூற்றுக்கு ஆறு பேர் கூடுதலாகச் செத்துவிடுவார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, ஏற்கெனவே இருக்கிற ஆபத்தின் மேல் அவ்வளவு ஏற்றம். அக்காவுக்கு வேறெங்கும் பரவவில்லை. அப்படியானால் டாக்டர்கள் குணப்படுத்துகிற கணக்கில்தான் சிகிச்சை போடுகிறார்கள். போன நாளை மீட்க முடியாது. இனி வருகிற நாள் உங்கள் கையில் நிறையவே இருக்கிறது, அதைப் பார்ப்போம்.

கீமோ பெரும்பாலும் 21 நாளுக்கு ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் முன்னதாக ரத்தம் பார்ப்பார்கள். வெள்ளை அணு குறைந்திருந்தால் ஒரு வாரம் தள்ளுவார்கள், அது அக்காவின் பாதுகாப்புக்கு. ஆனால் ரத்தப் பரிசோதனைக்கு மதுரை போய், குறைவு என்று தெரிந்து வெறுங்கையோடு திரும்புவது பெரிய அலைச்சல். இரண்டு நாள் முன்னதாகவே உங்கள் பக்கத்து அரசு மருத்துவமனையில் ரத்தம் பார்த்து ரிப்போர்ட்டோடு வரலாமா என்று முதல் நாளே கேளுங்கள். ஒன்றிரண்டு தடவைக்குப் பிறகு மீதி மருந்தை ராமநாதபுரத்திலேயே ஏற்ற முடியுமா என்றும் கேளுங்கள். கேட்காதவருக்கு இதையெல்லாம் தேடி வந்து சொல்ல யாருக்கும் நேரமில்லை.

காய்ச்சல் 38 டிகிரி தாண்டினால், ராத்திரி இரண்டு மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டுப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் "கீமோ ஓடுது" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று படுக்கக் கூடாது. இன்னொன்று, கீமோ முடிகிறவரை அக்கா பாசிக்குப் போகவே கூடாது. விரலில் துணி சுற்றிக்கொண்டு போனாலும் பாறையும் பவளமும் கீறாமல் விடாது, அது உங்களுக்கே தெரியும். மற்ற நாளில் மஞ்சள் வைத்தால் ஆறுகிற கீறல், வெள்ளை அணு குறைந்த நேரத்தில் கடல் தண்ணீர் பட்டால் உயிருக்கே வம்பு. அக்கா கேட்க மாட்டார், இரண்டு நாள் தெம்பாக இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். கூடப் போகிற பெண்களிடமே சொல்லி வையுங்கள்.

அட்டை விஷயம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை உண்டு, ஆண்டு வருமான வரம்பு 1,20,000 ரூபாய். குடும்ப அட்டையை ஒட்டித்தான் பெயர் ஏறும். கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கு வந்த பெண்கள் எத்தனையோ பேருக்குப் பெயர் இன்னும் மாமியார் வீட்டு அட்டையில்தான் கிடக்கிறது, பிள்ளைகளுக்கும் அப்படித்தான். அக்காவுக்கு இப்போது சரியாகிவிட்டது. பிள்ளைகள் பெயரையும் கையோடு மாற்றிவிடுங்கள். சந்தேகம் கேட்க 1800 425 3993 என்ற இலவச எண் இருக்கிறது. ஒரு விஷயத்தை ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: அட்டை சரியாகும்வரை ஆஸ்பத்திரிக்கே போக வேண்டாம் என்று காத்திருக்கக் கூடாது. அரசு மருத்துவமனையில் டாக்டர் பார்க்க, சேர்க்க அட்டை வேண்டியதில்லை. போய்ச் சேர்ந்துவிட்டு அட்டைக்கு ஒருவர் அலையட்டும். உங்கள் 14 நாள் அப்படிப் போனதுதான்.

ரயிலில் புற்றுநோயாளிக்கும் கூடப் போகிற ஒருவருக்கும் சலுகை உண்டு. இரண்டாம் வகுப்பில் இருவருக்கும் நூற்றுக்கு 75 கழிவு, ஸ்லீப்பரில் நோயாளிக்குக் கட்டணமே இல்லை. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் டாக்டர் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி ஸ்டேஷன் கவுண்டரில் காட்ட வேண்டும். பெண்களுக்கு இலவசம் என்பது டவுன் பஸ்ஸுக்குத்தான், மதுரை பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். பின்னால் கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) வைக்கிற கட்டம் வந்தால் பெரும்பாலும் சனி, ஞாயிறு தவிரத் தினமும் என்று மூன்று முதல் ஐந்து வாரம் ஓடும். மண்டபத்திலிருந்து தினம் போய்வர முடியாது. யார் வீட்டில் தங்குவது, பிள்ளைகளை யார் பார்ப்பது என்று இப்போதே பேசி வையுங்கள். கரண்டை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறவர்களில் பலர் சிகிச்சைக்குப் பயந்து அல்ல, தங்க இடமில்லாமல்தான் வருகிறார்கள்.

நாட்டு மருந்து, வேண்டுதல் பற்றி ஒரு வரி. கோயிலோ சர்ச்சோ தர்காவோ போய்வரட்டும், மனசுக்குத் தெம்பு. கீமோ தேதியோடு மோதாமல் போகட்டும். வாயில் போடுகிற சூரணம், கஷாயம் மட்டும் மதுரை டாக்டரிடம் காட்டாமல் வேண்டாம்.

கடைசிக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. தன் வீட்டில் தீப்பிடித்திருக்கும்போது பக்கத்து வீட்டுக் கூரையை யோசிக்கிறவர் குறைவு.

30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பு, கர்ப்பப்பை வாய், வாய் மூன்றையும் இலவசமாகப் பார்க்கிறார்கள். கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை சில நிமிஷ வேலை. வினிகர் மாதிரி ஒரு தண்ணீரைத் தொட்டு வைத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்கள். வசதி இருக்கிறது, ஆனால் முகாம் போடுகிற தேதியில்தான் கோளாறு. காலை பத்து மணிக்கு முகாம், அன்றைக்குப் பெண்கள் எல்லோரும் தீவுப் பக்கம் இடுப்பளவு தண்ணீரில். எந்தெந்த நாள் பாசிக்குப் போக மாட்டோம் என்பது உங்கள் பெண்களுக்கு விரல் நுனியில் இருக்கும், மருத்துவ அலுவலருக்குத் தெரியாது. சங்கத்துப் பெண்கள் நாலு பேர் போய் அந்த நாட்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, அந்த நாளில் முகாம் வையுங்கள் என்று கேளுங்கள். தட்ட மாட்டார்கள், அவர்களுக்கும் ஆள் வந்தால்தான் கணக்கு.

ஆண்களுக்குத் தடைக்காலம் இருக்கிறது. 61 நாள் விசைப்படகு கரையில், அதில் போகிறவர்கள் வலை பின்னிக்கொண்டு ஊரில்தான் இருப்பீர்கள். அதில் ஒரு காலைப்பொழுது போதும், டார்ச் அடித்து ஊர் மொத்தத்துக்கும் வாய் பார்த்துவிடலாம். மூன்று வாரமாக ஆறாத புண், தேய்த்தாலும் போகாத வெள்ளைத் திட்டு, மூன்று விரலைச் சேர்த்து நிமிர்த்தி வைத்தால் உள்ளே போகாத அளவுக்கு வாய் திறப்புக் குறைந்தது, இந்த மூன்றில் எது இருந்தாலும் அனுப்புங்கள். புகையிலை அடக்குகிறவர்கள் நமக்கெதற்கு என்று நழுவுவார்கள். அவர்களைத்தான் முதல் வரிசையில் உட்கார வைக்க வேண்டும்.

பார்த்து அனுப்பிய பிறகு அந்த நீள நோட்டு. அதை ஊரிலேயே ஒருவர் வைத்துக்கொள்ளலாம். பத்தாவது படித்த பெண் போதும். யாருக்கு என்ன டெஸ்ட், எந்தத் தேதி ரிப்போர்ட், போனார்களா, அடுத்து எங்கே. அரசு ஆள் வைக்கிற வரைக்கும் உங்கள் ஊருக்கு அந்த ஒருத்தி. ஆனால் நோட்டில் இருப்பது ஊர்ப்பேச்சாகக் கூடாது, அது கண்டிப்பு. மாரில் கட்டி என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயத்தில்தான் பாதிப் பேர் மறைக்கிறார்கள். ஒருவேளை உங்கள் அக்காவும்.

24-ஆம் தேதி காலையில் அக்கா சாப்பிட்டுவிட்டு வரட்டும். டாக்டர் வேறு மாதிரி சொல்லாதவரை வெறும் வயிறு தேவையில்லை. கை முழுக்கத் தளர்வான ஜாக்கெட் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள், ஊசி ஏற்றச் சுலபம். ரிப்போர்ட் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் தேதிவாரியாக அடுக்குங்கள். ஒவ்வொன்றையும் போனில் படம் எடுத்து அக்கா மகளுக்கும் அனுப்பி வையுங்கள். மருந்து ஏறி முடிந்ததும் அடுத்த தேதியைக் கேட்டு வாங்குங்கள். 21 நாள் கணக்குப்படி டிசம்பர் 15 என்றுதான் வரும். வேறு தேதி சொன்னால் ஏன் என்று கேட்டு அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.